இடம் மாறிய பேச்சு

“என்னை ஒரு வார்த்தை கேக்காம எப்படி அண்ணி அதை ரூட் பண்ணினீங்க?”

குழந்தையை இடுப்பில் வைத்தபடி அவள் கேட்டாள். நாத்தனார் தலையை நிமிர்த்தவில்லை. ரிப்பேர் மேஜையில், பச்சை ரப்பர் விரிப்பின்மேல் டேப்லெட் கிடந்தது.

“கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பே.”

“சொல்லியிருப்பேன்தான்! அது என்ன, படம் பாக்கிற டேப்லெட்டா? என் பொண்ணோட வாய் அண்ணி அது!”

அது உண்மைதான். ஏழு வயதாகியும் குழந்தைக்குப் பேச்சு வரவில்லை. டேப்லெட்டில் உள்ள ஆப்தான் அவளுக்காகப் பேசும். டம்ளர் படத்தைத் தொட்டால், “தண்ணி வேணும்” என்று குரல் வரும். அம்மா பதிவு செய்த குரல். மூன்று வருஷமாக, ஒவ்வொரு படமாக, ஒவ்வொரு சொல்லாக உட்கார்ந்து சேர்த்தது.

இப்போது டேப்லெட்டில் துளி இடமில்லை. போன வாரம் ஆப் திறந்த வேகத்திலேயே மூடிக்கொண்டது. அன்றைக்கென்று பார்த்துக் குழந்தைக்குக் காதுவலி. எங்கே வலிக்கிறதென்று சொல்ல வழியில்லாமல் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அலறித் தீர்த்துவிட்டது.

வேறு டேப்லெட்டில் போட்டுக்கொள்ளலாம் என்றால், ஆப் தயாரித்த கம்பெனியையே இழுத்து மூடிவிட்டார்கள். நகலெடுத்து வைத்தாலும், டேப்லெட் ஒருமுறை அழிந்தால் அந்த நகல் திறக்காது. பூட்டு அப்படி.

மிச்சமிருந்தது ஒரே வழி. டேப்லெட்டின் உள்ளே யாரும் கைவைக்காதபடி கம்பெனி போட்டிருக்கும் தடையை உடைத்து (அதைத்தான் ரூட் பண்ணுவது என்கிறார்கள்) ஆப்பின் சரக்கு முழுவதையும் மெமரி கார்டுக்கு மாற்ற வேண்டும். கொஞ்சம் பிசகினால் அத்தனையும் போய்விடும். கேட்ட கடைக்காரர்கள் எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள்.

நாத்தனார் மட்டும், “கொண்டா, பாக்கிறேன்” என்றாள். அவளுக்குச் சொந்தமாகச் செல்போன் ரிப்பேர் கடை. வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்றுதான் பேச்சு. புருஷன் போனதிலிருந்து அந்தப் பேச்சும் குறைந்துவிட்டது.

“அக்கா, இன்னும் கொஞ்சம் யோசிச்சு...” நாத்தனாரின் தம்பியான அவள் கணவன் இழுத்தான்.

“யோசிச்சாச்சு. வெளியில போய் உக்காருங்க. என் கழுத்துகிட்ட நின்னு மூச்சு விடாதீங்க.”

அவன் நகர்ந்தான். அவள் நகரவில்லை. குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு அங்கேயே நின்றாள். குழந்தையின் கை டேப்லெட்டை நோக்கி நீண்டு நீண்டு மடங்கியது.

ஆப்பின் சரக்கு கார்டுக்கு மாறுவதைக் காட்டித் திரையில் நீலக் கோடு ஊர்ந்தது. பாதி தாண்டியது.

திடீரென்று திரை இருண்டது.

“என்னாச்சு?”

நாத்தனார் திரையை நோக்கிக் குனிந்தாள்.

“அண்ணி, என்னாச்சுன்னு கேக்கிறேன்!”

“சும்மா இரு.”

நாத்தனார் பட்டனை அழுத்தினாள். கம்பெனிப் பெயர் வந்தது, மறைந்தது. மறுபடி வந்தது, மறைந்தது. அதற்கு மேல் எதுவும் வரவில்லை.

குழந்தை இருண்ட திரையைப் பார்த்தது. பிறகு அம்மாவின் வாயைப் பார்த்தது. இனி வலித்தால் என்ன செய்யும்? பயந்தால்? யாராவது அடித்தால்?

“அழிச்சிட்டீங்க!” என்று அவள் கத்தினாள். “உங்களுக்கென்ன, பத்தோட பதினொண்ணு! உங்களுக்குன்னு ஒரு குழந்தை இருந்தா தெரியும்!”

“ஏய்!” கணவன் உள்ளே ஓடி வந்தான்.

நாத்தனாரின் விரல் ஒரு நொடி அப்படியே நின்றது. பிறகு, சிறிய இடுக்கியால் மெமரி கார்டை வெளியே இழுத்தாள். ஓரத்தில் இருந்த இரண்டு பட்டன்களை ஒன்றாக அழுத்திப் பிடித்தாள்.

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் சரசரவென்று ஓடின. ஓடி முடிந்ததும் கார்டைத் திரும்பச் செருகினாள்.

படங்கள் வந்தன. ஒவ்வொன்றாக, வரிசை வரிசையாக.

“குழந்தையை இறக்கி விடு” என்றாள்.

குழந்தை ஓடிப்போய் விரலை வைத்தது.

“அம்மா” என்றது டேப்லெட். “அம்மா. வீட்டுக்குப் போலாம். அம்மா.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை அடங்க நேரமானது.

“அண்ணி... நான் ஏதோ பயத்துல...”

“விடு.”

“திரை போனப்போ உங்களுக்குப் பயமாவே இல்லையா?”

“அந்த இடத்துல அது அப்படித்தான் செத்துப் பிழைக்கும். அப்போ கார்டை உருவிடணும். விட்டா எல்லாத்தையும் துடைச்சிடும்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“இதுல கைவைக்கிறதுக்கு முன்னாடி இன்னொண்ணுல செஞ்சு பாத்தேன்.”

கணவன் சட்டென்று நிமிர்ந்தான்.

“எதுல? இந்த ஆப் இருக்கிற இன்னொரு டேப்லெட்...”

சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்தினான். தொண்டை ஆபரேஷனுக்கு முன்னால், அத்தான் தன் குரலையெல்லாம் இதே ஆப்பில்தான் பதிவு செய்து வைத்தார். ஆபரேஷனுக்குப் பிறகு, இருந்தவரைக்கும் அதில்தான் பேசினார். போன பின்பும், கடையைத் திறந்ததும் அக்கா அதைத் தொட்டு ஒரு வார்த்தை கேட்பாள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

“அக்கா... அத்தானோட டேப்லெட்டா?”

“ம்.”

“அத்தான் குரல்?”

நாத்தனார் இடுக்கியைத் துடைத்து டப்பாவில் வைத்தாள்.

“கார்டை உருவணும்னு எனக்கு அப்போ தெரியாதுடா.”