பதினோராவது கேட்

ஸ்கோர் பலகையில் அமுதாவின் பெயருக்கு நேரே, பதினொன்றாம் கட்டத்தில், 2 என்று எழுதினார்கள்.

அவள் கரையில் நின்றிருந்தாள். ஹெல்மெட்டை இன்னும் கழற்றவில்லை. லைஃப் ஜாக்கெட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

ஆற்றின் குறுக்கே கம்பி கட்டி, இரண்டிரண்டு கம்பங்களாகத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒவ்வொரு ஜோடியும் ஒரு கேட். நடுவில் புகுந்து வர வேண்டும். கம்பத்தில் உடம்போ படகோ துடுப்போ பட்டால் இரண்டு விநாடி பெனால்டி.

படவில்லை.

பதினோராவது கேட் சிவப்பு. ஓட்டத்தை எதிர்த்து ஏறி நுழைய வேண்டும். தோளைச் சாய்த்து, ஒரு சாண் விட்டுத்தான் நுழைந்தாள். கம்பம் ஆடியது உண்மை. அது தண்ணீர் அடித்து ஆடியது.

அந்த இரண்டோடு சேர்த்து அவள் நான்காவது.

மூன்றாவது பவதாரணி.

இருவருக்கும் நடுவில் அரை விநாடிகூட இல்லை. முதல் மூன்று பேருக்குத்தான் ஆசிய ஜூனியர் போட்டி.

எட்வின் சார் பாறைகளைத் தாண்டி ஓடி வந்தார். மூன்று வருடமாக இருவருக்கும் அவர்தான் கோச்.

“பட்டுச்சா அமுதா?”

“இல்ல சார். சத்தியமா படல.”

“அப்பீல் குடுக்கலாம். இருவது நிமிஷம் டைம் இருக்கு. ஆனா வெறும் வாயில சொன்னா ஒத்துக்க மாட்டாங்க. வீடியோ வேணும்.”

அவளுக்கு மூச்சு வந்தது.

வீடியோ இருக்கிறது.

ஒகேனக்கல்லில் பயிற்சியின்போது அவளுக்கும் பவாவுக்கும் சேர்த்து ஒரே கயாக் படகு. ஒருத்தி ஓட்டினால் மற்றவள் பாறைமேல் நின்று போனில் எடுப்பாள். பிறகு ஈரத் தலைகள் இரண்டும் முட்டிக்கொள்ள, அந்தச் சின்னத் திரையில் தப்புத் தேடுவார்கள்.

இன்று பவா முன்பே ஓட்டி முடித்திருந்தாள். பதினோராவது கேட்டுக்கு நேரே, ஈர உடையோடு நின்றிருந்தாள். கேட்டுக்குள் ஏறித் திரும்பிய நொடியில் அமுதா பார்த்தாள். நீட்டிய கை. கையில் போன்.

சார் பவாவைக் கூப்பிட்டார்.

பவா வந்தாள். வந்தவள் முதலில் பலகையைப் பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள்.

அந்த 2 அழிந்தால் அமுதா இரண்டாவது. பவா நான்காவது.

“பவா, பதினொண்ணு எடுத்தியா?”

“இல்ல சார்.”

“எடுத்தாளே சார். நான் பாத்தேன்.”

“நீட்டிட்டுதான் நின்னேன் சார். ரெக்கார்டு ஆகல.”

பவா அதைச் சாரைப் பார்த்துச் சொன்னாள். போன் அவள் கையில்தான் இருந்தது.

காட்டுடீ என்று கேட்டிருக்கலாம். வாய்வரை வந்தது. கேட்டால், பவா பொய் சொல்கிறாள் என்று ஊரறியச் சொன்னது போலாகும். அதை அவள் தனக்குள்ளேயே இன்னும் சொல்லிக்கொள்ளவில்லை.

ரெக்கார்டு ஆகாமலும் இருந்திருக்கலாம்.

சார் வாட்சைப் பார்த்தார். நடுவர்கள் உட்கார்ந்திருந்த கூடாரத்தைப் பார்த்தார். அவள் தோளில் கை வைத்தார்.

“விடும்மா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.”

அடுத்த வருடம் அவளுக்குப் பத்தொன்பது. ஜூனியரில் இறங்க முடியாது.

பவாவுக்கு அப்போது பதினேழுதான்.

இருபது நிமிடமும் அமுதா அங்கேயே நின்றாள். பவா கயாக்கைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

மெடல் கொடுத்தார்கள். பவா பெயரைக் கூப்பிட்டபோது எல்லோரோடும் சேர்ந்து அவளும் கைதட்டினாள். கைதட்டாமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள்.

பிறகு கயாக்கை லாரிக்குத் தூக்கிப் போக வேண்டியிருந்தது. முன்பக்கம் பவா, பின்பக்கம் அவள். வழக்கமாக முன்னால் போகிறவள் கல், பள்ளம் என்று பின்னால் வருகிறவளிடம் கத்திக்கொண்டே போவாள். இன்று இருவரும் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தார்கள்.

ஐந்து மணி இருக்கும். விடுதி அறையில் அமுதா ஈரத் துணிகளைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

பவா கதவருகே வந்து நின்றாள். கழுத்தில் மெடல் இல்லை. முகம் வீங்கியிருந்தது.

போனை நீட்டினாள்.

அமுதா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். கட்டிலில் உட்கார்ந்தாள்.

வெள்ளை நுரை. சிவப்புக் கம்பங்கள். மஞ்சள் ஹெல்மெட். தோளுக்கும் கம்பத்துக்கும் நடுவே ஒரு சாண் வெளிச்சம், யாருக்கும் தெரிகிற மாதிரி.

அவள் நினைத்த அதே ஒரு சாண்.

படகு திரும்பிக் கீழே பாய்ந்தது. திரை குலுங்கியது. எடுத்துக்கொண்டிருந்தவள் குதித்திருக்க வேண்டும். ஆற்றின் இரைச்சலுக்கு மேலே, தொண்டை கிழிய, பவாவின் குரல் கேட்டது.

“கிளீன்! கிளீன்டீ அமுதா! என்னையே தாண்டப்போறடீ! போ, போ, போடீ!”

அந்தக் குரலில் ஒரு பொட்டுப் பொய் இல்லை.

வீடியோ நின்றது.

“அழிச்சிடவா?” என்றாள் பவா.

அமுதா நிமிர்ந்து பார்க்கவில்லை. போனைத் திருப்பித் தரவும் இல்லை.

மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டு, திரையை மடியில் கவிழ்த்து, அந்தக் குரலை மட்டும் கேட்டாள்.