காலிப் பெட்டிக்கு நாற்பது நாள்

ஜாவாத் தீவின் மலாங் நகரத்துப் பாம்பு வளர்ப்போர் சங்கத்தில், விஷப் பாம்பு கேட்டு வரும் புதியவர் முதலில் நாற்பது நாள் காலிப் பெட்டியை வளர்க்க வேண்டும். உள்ளே பாம்பு இருப்பதாகவே நினைத்து அறைக் கதவைச் சாத்தி, பூட்டைத் திறந்து, கொக்கியால் மூடியைத் தூக்கி, தண்ணீர் மாற்றிப் பூட்ட வேண்டும்.

அப்படி ஒரு பெட்டியை வாங்கி வந்த ஹெர்மவானை, அவன் மனைவி ரெட்னோ ஜன்னலில் நின்று, அண்ணன் என்பதுபோல் ஆண்களை அழைக்கும் 'மாஸ்' போட்டுச் சிரிப்பாள். "காத்துக்குப் போய் இத்தனை பூட்டா மாஸ்? பாத்து, கடிச்சிடப் போகுது."

பத்து நாளில் அவனுக்கும் கூச்சம் வந்துவிட்டது. கொக்கியை ஓரமாக வைத்துவிட்டு வெறுங்கையை விட்டுக் கிண்ணத்தை எடுத்தான்.

இருபதாம் நாளிலிருந்து கிண்ணத்தில் தண்ணீர் குறைந்தது. வெயில் என்றாள் ரெட்னோ. முப்பத்தொன்றாம் நாள் பெட்டிக்குள் ஒரு பாம்புச் சட்டை கிடந்தது, தலை முதல் வால்வரை கிழியாமல். சாவி அவன் கழுத்தில்தான் தொங்கியது. சங்கத்து சுகெங் எப்படியோ வைத்துத் தன்னைச் சோதிக்கிறார் என்று எண்ணி, அதை எடுத்து எறிந்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினான். அதன்பின் ரெட்னோ ஜன்னல் பக்கம் வரவில்லை.

நாற்பதாம் நாள் சுகெங் துணிப்பையில் பச்சை விரியனோடு வந்தார். கொக்கியால் மூடியை ஒரு விரற்கடை தூக்கி உள்ளே பார்த்தார். மெதுவாக மூடிப் பூட்டினார். பூட்டை இருமுறை இழுத்துப் பார்த்தார்.

"என்ன மாஸ் சுகெங், பெட்டி சரியில்லையா?"

"பெட்டி நல்லாத்தான் இருக்கு." பையை அவிழ்க்காமலே கோலில் மாட்டிக்கொண்டு அவர் வாசலுக்கு நடந்தார். "முதல் நாளே சொன்னேனே, ஒரு பெட்டியில ரெண்டு வைக்கக் கூடாதுன்னு."