கல்லில் இருக்கும் பெயர்

நவம்பர் பதினொன்று, முதல் உலகப்போர் முடிந்த நாள்; காலை பதினோரு மணி. பீடபூமியில் பனி இன்னும் விலகவில்லை. மர அறுவை ஆலை மூடியதிலிருந்து இங்கே காற்றின் சத்தம் மட்டும்தான். போர் நினைவுக்கல்லில் இருபத்தாறு பெயர்கள். ஊரில் மிஞ்சியிருப்பது பத்தொன்பது பேர். ஜனவரியில் இந்த ஊரைக் கீழேயுள்ள பெரிய ஊரோடு இணைத்துவிடுவார்கள் என்பதால், இங்கே பெயர்களை வாசிப்பது இதுவே கடைசித் தடவை. "உக்காருங்க ஃபிர்மேன் ஐயா, குளிருது," என்கிறாள் ஊர்த்தலைவி மிரேய். "நிக்கறேம்மா. வருஷத்துல ஒரு நாள்தானே என்னைச் செத்தவன்னு சொல்றீங்க." போரில் மாண்ட பெரியப்பாவின் பெயரைத்தான் அவருக்கு வைத்தார்கள். எண்பத்தெட்டு வயதிலும் அதைக் கல்லில் தேடிப் பார்க்கிறார். மிரேய் வாசிக்கிறாள். ஒவ்வொரு பெயருக்கும் "நாட்டுக்காக உயிர்நீத்தார்" என்று பள்ளிப் பிள்ளைகள்தான் பதில் சொல்வார்கள். பள்ளி போன ஜூனில் மூடிவிட்டது. இப்போது பெரியவர்களே முணுமுணுக்கிறார்கள். "ஃபிர்மேன் வெய்சியேர்." அவரே எதிரே நிற்கும்போது உயிர்நீத்தார் என்று எப்படிச் சொல்வது? அவர் தொப்பியைக் கழற்றுகிறார். "இங்கதான் இருக்கேன்." அது தன் குரலா, பெரியப்பாவின் குரலா என்று அவருக்கே தெரியவில்லை. யாரும் சிரிக்கவில்லை. மிரேய் தாளைப் பார்த்து, "ஒகுஸ்த் கால்மெல்," என்று அடுத்த பெயரை வாசிக்கிறாள். பிறகு தலைநிமிர்ந்து, பனிக்குள் பார்த்தபடி, அவரும் பதில் சொல்வார் என்பதுபோலக் காத்திருக்கிறாள்.