பதினேழாவது படம்

பொட்டலத்தைப் பார்க்கிறவர் எதற்கு ஆசைப்படுகிறாரோ, அதுவே அதன்மேல் படமாகத் தெரிகிற காலம். எலிமருந்துக்கு மட்டும் எல்லோர் கண்ணுக்கும் ஒரே படம்தான் தெரியவேண்டும் என்று சட்டம். அதை வரையச் சொல்லி மருந்துக் கம்பெனிக்காரர்கள் சண்முகக்கனியைத் தேடி வந்தார்கள். இந்தக் காலம் வருமுன் நாற்பது வருடம் மிட்டாய்க்கும் பிஸ்கட்டுக்கும் படம் போட்டு, சிவகாசிப் பிள்ளைகளைக் கடைவாசலில் அடம்பிடிக்க வைத்த கை அவளுடையது.

எழுத்துத் தெரியாத ஒருவருக்குக் காட்டாமல் எதையும் அவள் அச்சுக்கு விட்டதில்லை. பதினாறு படங்களைக் கிழித்துப் போட்டபின், பதினேழாவதை ஒட்டிய காலி டப்பாவைப் பக்கத்து வீட்டு இரண்டு வயது முகிலன் முன்னால் வைத்தாள். ஆசையாக ஓடி வந்தவன், படத்தைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“தொடவே மாட்டேங்கிறானே அத்தை. படம் சரியா வரலையோ?” எதற்கான டப்பா என்று தெரியாத அவன் அம்மா சங்கடப்பட்டாள்.

“நாப்பது வருசத்துல இதுதாம்மா சரியா வந்திருக்கு,” என்றாள் சண்முகக்கனி.