இரண்டு மணி பஸ்

கல் பட்டது இடது நெற்றியிலா, வலது நெற்றியிலா என்று இப்போது உறுதியாகச் சொல்வதற்கில்லை. மறுநாள் பத்திரிகையில் இடது என்றிருந்தது. தேர்தலில் ஜெயித்த பிறகு வெள்ளியங்கிரி முடியை முன்னால் இழுத்து வாரிக்கொண்டதால், தழும்பைப் பார்த்தும் சொல்ல வழியில்லை.

"ஜெகதளா கூட்டத்தில் வேட்பாளர் மீது கல்வீச்சு. இடது நெற்றியில் ரத்தம் வழிய வழிய அரை மணி நேரம் பேசினார்." குன்னூர் நிருபர் ஹரிதாஸ் எழுதி முடித்து, தாளை உயர்த்தி வாசித்துக் காட்டினான்.

எதிரே உட்கார்ந்திருந்த வேட்பாளர் வெள்ளியங்கிரி, வர்க்கியை டீயில் முக்கியபடி தலையாட்டினார். அவர் நெற்றியில் சந்தனப் பொட்டைத் தவிர ஒன்றுமில்லை. மணி ஒன்றே முக்கால். கூட்டம் மாலை ஐந்து மணிக்கு.

மழை பெய்தால் டெலிபோன் லைன் விழுந்துவிடும் மலை அது. செய்திக் கவர் இரண்டு மணி பஸ்ஸில் இறங்கினால்தான் மறுநாள் கோவையில் அச்சேறும். அதனால் மாலையில் நடக்கப்போவதை மதியமே எழுதிவிடுவது அங்கே நிருபர்களின் பழக்கம்.

போன மாதம் மழையில் நின்றுபோன கூட்டத்தில் ஐயாயிரம் பேர் கைதட்டியதாக ஹரிதாஸ் எழுதிவிட்டான். 'இன்னொரு தடவை நடக்காதது அச்சில் வந்தால் உனக்கு வேலை இல்லை' என்று ஆசிரியர் கடிதம் போட்டிருந்தார்.

"கண்டிப்பா நடக்குமுங்களா?"

"சங்கிலிகிட்டச் சொல்லியாச்சுங்க. அஞ்சே காலுக்கு எறிவான். இந்த மாசம் அவனுக்கு மூச்சு விட நேரமில்லீங்க." மேசைமேல் பேனாக்கள் செருகியிருந்த கோப்பையை வெள்ளியங்கிரி திருப்பிப் பார்த்தார். 'ஹரிதாஸ், பந்து எறிதல், முதல் பரிசு' என்று பொறித்திருந்தது. "போன எலெக்சன்ல எதிராளி எப்படி ஜெயிச்சானுங்க? கட்டுப் போட்ட தலையை நீங்க மொதப் பக்கத்துல போட்டீங்க. நான் தேயிலை வெலையப் பத்திப் பேசுனது எட்டாம் பக்கம்."

"நாங்க என்னங்க பண்றது? சனங்க அதைத்தான் படிக்கறாங்க."

"நானும் அதைத்தானுங்க ஏற்பாடு பண்றேன்."

கவரோடு பஸ் மலையிறங்கியது.

ஐந்து மணிக்கு ஜெகதளாவைப் பனி மூடியிருந்தது. பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. ஐந்தே கால் ஆயிற்று, ஐந்தரையும் ஆயிற்று. தேயிலை விலையைப் பற்றி வெள்ளியங்கிரி மூன்றாவது முறையாகப் பேசினார். ஒரு பொடிக்கல்கூட வரவில்லை.

சோடா குடிக்கப்போவதாகச் சொல்லி அவர் மேடைக்குப் பின்னால் இறங்கினார். ஹரிதாஸ் அங்கே நின்றிருந்தான். அவருடைய தேர்தல் ஏஜெண்ட் வேலன் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"சங்கிலி வரமாட்டானுங்க. எதிர்க்கட்சிக்காரங்க காலையிலயே அவனைக் கோத்தகிரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்களாம். அங்கயும் இன்னைக்குக் கல்வீச்சாமுங்க."

ஹரிதாஸின் முகம் வெளுத்தது. "ஆபீசுக்குப் போன் போட்டு நிறுத்தச் சொல்லிடறேனுங்க."

"லைன் விழுந்து ரெண்டு நாளாச்சுங்களே. கவர் இந்நேரம் கோயமுத்தூருல எறங்கியிருக்கும்" என்றார் வெள்ளியங்கிரி.

"அப்ப நம்ம வேலனை எறியச் சொன்னா..." என்று ஹரிதாஸ் இழுத்தான்.

"வேலன் யாரோட ஆளுன்னு ஊருக்கே தெரியுமுங்க. பேப்பர்க்காரரை ஒருத்தரும் சந்தேகப்பட மாட்டாங்க."

ஆளில்லாத மைக் மட்டும் பனிக்குள் இரைந்துகொண்டிருந்தது. வெள்ளியங்கிரி குனிந்து ஒரு கல்லை எடுத்தார். தோள் துண்டில் மண் போகத் துடைத்து, அவன் உள்ளங்கையில் வைத்தார்.

"இடது பக்கமுன்னு எழுதியிருக்கீங்க. பாத்து எறிங்க."