உங்க கரண்ட், எங்க கரண்ட்

"இது எங்க கம்பெனி பிளக். உன் வண்டிக்குச் சேராது. எடும்மா வண்டியை!"

சார்ஜ் போடுகிற இடத்து ஆள் கத்திய கத்தலில் டாக்சிக்காரிக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது.

பின் சீட்டில் புருஷன் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தான். டயாலிசிஸுக்கு நேரமாகிறது. தவறினால் மெஷினை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். வண்டியில் இருக்கிற சார்ஜோ ஆஸ்பத்திரி வரை தாங்காது.

"தம்பி, கரண்ட் ஒண்ணுதானே? அதுல என்ன உங்க கரண்ட், எங்க கரண்ட்?"

"ரெண்டு கம்பெனியில எவன் பிளக் நாடு முழுக்க வரணும்னு இழுபறி. அது முடியற வரைக்கும் அடுத்த கம்பெனி வண்டிக்கு ஒரு சொட்டு கிடையாது. மேலிடத்து உத்தரவு."

"உள்ள நோயாளி இருக்காருய்யா!"

"ஆம்புலன்ஸைக் கூப்பிடு. இங்க வந்து ஏன் உசிரை வாங்குறே?"

அவ்வளவுதான். இறங்கிக் கதவை அறைந்து சாத்தினாள்.

"நீயெல்லாம் மனுஷனாடா? ரெண்டு பணக்காரனுங்க முட்டிக்கிறதுக்கு என் புருஷன் உசிருதான் கெடைச்சுதா? எழுதி வச்சிருக்கான் பாரு, 'நாளைய உலகம் எங்கள் பிளக்கில்'னு! நாளை கெடக்கட்டும், இன்னிக்கு என்னடா பதில்?"

அவன் அசரவில்லை. "ஒப்பாரியெல்லாம் கட்டடத்துக்குப் பின்னாடி போய் வச்சுக்க. போ, போ!"

பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியைப் பின்பக்கம் கொண்டுபோனாள். வேறு டாக்சி கூப்பிடப் போனை எடுப்பதற்குள் அவனே மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"அக்கா, சார்ஜ் போடற மூடியைத் திறங்க, சீக்கிரம்!"

பின்சுவரிலும் ஒரு சார்ஜர் இருந்தது. சட்டைக்குள்ளிருந்து ஒரு சின்ன இணைப்பை எடுத்தான். ஒரு பக்கம் அவன் கம்பெனிக்கு, மறுபக்கம் அவள் கம்பெனிக்கு. மாட்டியதும் வண்டியில் பச்சை விளக்கு எரிந்தது.

"அப்புறம் எதுக்குப்பா அந்தக் கத்து கத்தினே?"

"முன்னாடி கேமரா இருக்குக்கா. பேசறதும் கேக்கும். எனக்கு முன்னாடி இருந்தவன் பாவம் பார்த்து ஒரு வண்டிக்குப் போட்டுவிட்டான். வேலை போச்சு. நீங்களும் போகும்போது என்னைத் திட்டிக்கிட்டே போங்க."

"சரிப்பா. இந்தச் சாமான் உனக்கு ஏது?"

"எங்க கம்பெனி முதலாளியம்மா குடுத்து வச்சது." அவன் குரலைத் தாழ்த்தினான். "அவங்க ஓட்டறது உங்க கம்பெனி வண்டிதான்."

புறப்படும்போது கேமராவுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, வாய் வலிக்கத் திட்டினாள்.

நடிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.