பக்கத்து வீட்டு வைஃபை

“என் வைஃபையைத் திருடிக்கிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி நடிக்கிறியா?” என்று மதில் சுவரைப் பிடித்துக்கொண்டு கத்தினான் தம்பிக்காரன். வீட்டில் நெட் நொண்டினாலே அவன் விரல் நீளுவது பக்கத்து வீட்டு டெய்லர் பக்கம்தான்.

“உன் வைஃபை எனக்கெதுக்குப்பா?” என்றார் ஒண்டிக்கட்டை டெய்லர், ஊசியில் நூல் கோத்தபடி.

அக்காவின் அறையிலிருந்த செட்டாப் பாக்ஸை வைஃபையில் சேர்க்க வந்திருந்த மெக்கானிக் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான். “சார், சண்டைய அப்புறம் போடுங்க. பாக்ஸ் ஏற்கெனவே நெட்லதான் இருக்கு.”

“யார் சேர்த்தது? பாஸ்வேர்டு எனக்கு மட்டும்தானே தெரியும்.”

“உங்க வைஃபை இல்ல சார். ‘டெய்லர் வீடு’ன்னு காட்டுது. ரொம்ப நாளா இதுலதான் ஓடுது போல.”

தெருவே காதைத் தீட்டிக்கொண்டது. முகத்தில் ஈயாடாமல் தம்பி உள்ளே பாய்ந்தான்.

“ஏன்க்கா, அடுத்தவன் வைஃபையைத் திருடி என் மானத்தை வாங்கிட்டியே. அவன் பாஸ்வேர்டை எப்படிக் கண்டுபிடிச்சே?”

துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா நிமிரவே இல்லை. “இதுல கண்டுபிடிக்க என்னடா இருக்கு? என் பேரைத்தானே வச்சிருக்காரு.”

அடுத்த மாதமே அக்கா டெய்லரைக் கட்டிக்கொண்டு கூப்பிடு தூரத்தில் இருந்த அவர் வீட்டுக்கே குடிபோனாள். ‘அத்தான்’ என்று கூப்பிடத்தான் தம்பிக்கு இன்னும் வாய் வரவில்லை.